'எனக்கு ஆறு மணி நேரம் போதும்' – தூக்கக் கணக்கு பற்றிச் சில குறிப்புகள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பொங்கல். சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் கிளம்பினோம். டிராஃபிக்கில் மாட்டக்கூடாது என்று விடிகாலை 3 மணிக்கே வண்டியை எடுத்தாச்சு. முந்தின நாள் ஆபீஸ் வேலை, பெட்டி கட்டுவது எல்லாம் முடிந்து நான் படுத்தபோது 12 மணி தாண்டிவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரம் தூங்கிட்டு வெளிச்சம் வந்ததும் போலாமே" என்று வீட்டில் சொன்னாங்க. "எனக்கு இதெல்லாம் பழக்கம்தான்" என்றேன்.

திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். திடீர்னு "ஏங்க!" என்று ஒரு அலறல். வண்டி ரோட்டோர வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. எப்படியோ திருப்பி நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின் சீட்டில் பையன் முழிக்கக்கூட இல்லை.

"தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாங்க. "இல்லையே, முழிச்சிட்டுத்தானே இருந்தேன்" என்றேன். சமாளிப்பதற்காகச் சொன்ன பொய் இல்லை அது. கண்ணைத் திறந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் எனக்கு நினைவு. நடுவில் சில நொடிகள் காணாமல் போனதே தெரியவில்லை. இன்றைக்கும் யோசித்தால் வயிற்றைக் கலக்குவது அதுதான்.

பத்து வருடமாக "எனக்கு ஆறு மணி நேரத் தூக்கம் போதும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம், 'எனக்கு நல்லாத்தானே இருக்கு' என்ற நினைப்பு. அந்தச் சாட்சி எவ்வளவு நம்பகமானது என்று அன்றைக்குத் தெரிந்துபோச்சு. அதற்குப் பிறகு தூக்கம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து வைத்தேன். அதைத்தான் இங்கே கோர்த்திருக்கிறேன்.

தூக்கம் எப்படி வருகிறது?

முதலில் அடிப்படை. 1982இல் அலெக்ஸாண்டர் போர்பேலி என்ற விஞ்ஞானி ஒரு விளக்கம் கொடுத்தார். இன்றைக்கும் தூக்க ஆராய்ச்சியில் அதுதான் அஸ்திவாரம். நம்மைத் தூங்க வைப்பது ஒரு விஷயமல்ல, இரண்டு என்கிறது அது.

ஒன்று, தூக்கப் பசி. காலையில் எழுந்ததிலிருந்து முழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறிக்கொண்டே போகும். மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேருவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தூங்கினால் அது குறையும். காபி இந்த இடத்தில்தான் விளையாடுகிறது. காஃபீன் அடினோசினைக் குறைப்பதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பசி அப்படியே இருக்கும், மணி அடிப்பதுதான் கேட்காது. பெரும்பாலானவர்களுக்குக் குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயந்திரம் 6 மணிக்குக் குடித்த காபியில் பாதி இரவு 11 மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது.

இரண்டாவது, உடல் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறிய நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. சுமார் 24 மணி நேரச் சுற்றில் உடம்பின் வெப்பம், ஹார்மோன், விழிப்பு எல்லாவற்றையும் அது ஏற்றி இறக்குகிறது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நேரம் சரி செய்துகொள்ளும். விடிகாலை 3 மணியிலிருந்து 5 மணி வரை இந்தக் கடிகாரம் 'தூங்கு' என்று மிக அழுத்தமாகச் சொல்லும் நேரம். நான் திண்டிவனத்தைத் தாண்டியது சரியாக அந்த நேரத்தில்தான்!

தூக்கமும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக, லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று மாறி மாறி வருகிறது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முன்பாதியில் முடிந்துவிடும். கனவுத் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும். எனவே 7 மணி நேரம் தூங்க வேண்டியவர் அலாரம் வைத்து 5 மணி நேரத்தில் எழுந்தால், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை. கனவுத் தூக்கத்தில்தான் பெரிய வெட்டு விழுகிறது.

பென்சில்வேனியா பரிசோதனை

'ஆறு மணி நேரம் போதும்' கட்சிக்குப் பெரிய அடி கொடுத்த ஆய்வு 2003இல் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டோங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் செய்தது. ஆரோக்கியமான 48 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்கு இரவில் 8 மணி நேரம் படுக்கை. இன்னொரு குழுவுக்கு 6. மூன்றாவது குழுவுக்கு 4. இப்படி 14 நாள். நான்காவது குழுவுக்கு 3 நாள் தூக்கமே கிடையாது. எல்லாம் ஆய்வகத்துக்குள்ளேயே, கண்காணிப்பில். யாரும் ஏமாற்ற முடியாது.

முழித்திருக்கும் நேரத்தில் அடிக்கடி ஒரு சோதனை. திரையில் எண் தெரிந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். அரை நொடிக்கு மேல் தாமதமானால் கவனம் தவறிவிட்டது என்று கணக்கு. கேட்கும்போது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் வண்டி ஓட்டும்போது முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் பிரேக்கில் கால் வைப்பதும் இதே வேலைதான்.

8 மணி நேரக் குழு பெரிய மாற்றம் இல்லாமல் ஓடியது. 6 மணி நேரக் குழுவும் 4 மணி நேரக் குழுவும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போயின. 'ரெண்டு மூணு நாள்ல பழகிடும்' என்று நாம் சொல்வது நடக்கவே இல்லை. இரண்டு வாரம் முடியும்போது, 6 மணி நேரமும் அதற்குக் கீழும் படுத்தவர்களின் கவனக் குறைவு, ஓரிரண்டு இரவு சுத்தமாகத் தூங்காதவர்களின் அளவுக்கு வந்துவிட்டது.

இதைவிட முக்கியமான பகுதி இனிமேல்தான். அவர்களிடமே 'எவ்வளவு தூக்கக் கலக்கமா இருக்கு?' என்றும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முதல் சில நாட்களில் 'ஆமா, கொஞ்சம் இருக்கு' என்றார்கள். அதன்பிறகு அந்தப் பதில் பெரிதாக ஏறவே இல்லை. திறன் கீழே போய்க்கொண்டே இருக்கிறது, உணர்வு மட்டும் ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

அப்போ 'எனக்குப் பழகிடுச்சு' என்பதில் பழகியது எது? தூக்கக் கலக்கத்தோடு இருக்கும் அந்த உணர்வுதான் பழகியிருக்கிறது. மூளைக்குப் பழகவில்லை. எவ்வளவு மங்கியிருக்கிறோம் என்று அளக்க வேண்டிய கருவியும் அதே மூளைதான் என்பதால், அளவும் சேர்ந்து மங்கிவிடுகிறது. பத்து வருடமாக நான் என்னைப் பற்றிச் சொன்ன சாட்சியத்தின் கதி இதுதான்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி இன்னொரு அளவு. 2000இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு ஆய்வில், குடித்திருக்கும்போதும் தூக்கமில்லாதபோதும் ஒரே ஆட்களைச் சோதித்துப் பார்த்தார்கள். தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் முழித்திருந்தவர்களின் திறன், இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கும் நிலைக்குச் சமமாக, சில சோதனைகளில் அதைவிட மோசமாக இருந்தது. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டப்படி வரம்பு 30 மில்லிகிராம்தான். காலை 6 மணிக்கு எழுந்து, பகலெல்லாம் வேலை பார்த்து, இரவு 11 மணிக்குமேல் ஊருக்கு வண்டி எடுக்கிற ஆள், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே அந்த வரம்பைத் தாண்டியவர் மாதிரிதான் ஓட்டுகிறார். குடித்திருந்தால் ஊதச் சொல்லிப் பிடித்துவிடலாம். தூக்கத்தைப் பிடிக்க நெடுஞ்சாலையில் ஒரு கருவியும் இல்லை.

சரி, எத்தனை மணி நேரம்?

2015இல் அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை வயதுவாரியாக ஒரு பட்டியல் வெளியிட்டது. பரவலாக மேற்கோள் காட்டப்படுவது இதுதான்:

பிறந்தது முதல் 3 மாதம் வரை – 14 முதல் 17 மணி நேரம்
4 முதல் 11 மாதம் – 12 முதல் 15
1, 2 வயது – 11 முதல் 14
3 முதல் 5 வயது – 10 முதல் 13
6 முதல் 13 வயது – 9 முதல் 11
14 முதல் 17 வயது – 8 முதல் 10
18 முதல் 64 வயது – 7 முதல் 9
65க்கு மேல் – 7 முதல் 8

அதே ஆண்டு அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் சங்கமும் தூக்க ஆராய்ச்சியாளர்கள் சங்கமும் சேர்ந்து, பெரியவர்களுக்கு 'குறைந்தது 7 மணி நேரம்' என்று அறிவித்தார்கள். 'எல்லாரும் 8 மணி நேரம் தூங்கியே ஆகணும்' என்று இந்த இரண்டு அறிக்கைகளும் சொல்லவில்லை. எட்டு என்பது நடுவில் இருக்கும் ஒரு எண், அவ்வளவுதான்.

பட்டியலில் 14 முதல் 17 வயது வரியை மறுபடி ஒருமுறை பாருங்க. 8 முதல் 10 மணி நேரம். நம் வீடுகளில் பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளை எழுப்பும் நேரம் என்ன? "விடியக்காலை நாலு மணிக்குப் படிச்சாத்தான் மண்டையில ஏறும்" என்று சொல்லித்தான் நாம் எல்லோருமே வளர்க்கப்பட்டோம். ஆனால் பருவ வயதில் உடல் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. இரவு 10 மணிக்குத் தூக்கம் வராதது முழுக்கச் சோம்பேறித்தனமோ, போன் குற்றமோ இல்லை. 11 மணிக்குப் படுக்கும் பிள்ளையை 4 மணிக்கு எழுப்பினால் கிடைப்பது 5 மணி நேரம். படித்தது மூளையில் பதிவதற்கும் தூக்கம் வேண்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எனவே படிப்புக்காக வெட்டுவது படிப்பின் ஒரு பகுதியைத்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இலேயே, நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகளைக் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இங்கே அந்த நேரத்துக்குள் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு டியூஷன் முடிந்திருக்கும்.

'ஆறு மணி நேரமே நிஜமாகப் போதும் என்கிற ஆட்களே கிடையாதா?' என்று கேட்கலாம். இருக்கிறார்கள். 2009இல் கலிபோர்னியாவில் யிங்-ஹுய் ஃபூவின் குழு ஒரு குடும்பத்தில் டெக்2 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தது. அது இருந்தவர்கள் 6 மணி நேரம் போலத் தூங்கியே நன்றாக இருந்தார்கள். அதன்பிறகு வேறு சில மரபணுக்களும் கிடைத்திருக்கின்றன. ஆனால் இவர்கள் மிக அரிது. அலாரம் இல்லாமல், லீவு நாளிலும், காபி துணையில்லாமல் 6 மணி நேரத்தில் தானாக எழுகிறவர்கள் இவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை வரை போர்த்திக்கொண்டு படுக்கிற நான் அந்தக் குடும்பம் இல்லை!

உடம்புக்கு என்ன ஆகிறது?

இங்கே கொஞ்சம் ஜாக்கிரதையாகப் போக வேண்டும். 'தூக்கம் குறைந்தால் இந்த நோய், அந்த நோய்' என்று வரும் செய்திகளில் இரண்டு வகை ஆய்வுகள் கலந்து கிடக்கின்றன.

முதல் வகை, ஆட்களை வைத்துச் செய்த பரிசோதனை. 1999இல் சிகாகோவில் ஈவ் வான் காட்டர் குழு, ஆரோக்கியமான 11 இளைஞர்களை 6 இரவு 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்டது. சர்க்கரை ஏற்றியபின் இரத்தத்திலிருந்து அது வெளியேறும் வேகம், நன்றாகத் தூங்கியபின் இருந்ததைவிடச் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே வாரத்தில், அதுவும் இளவட்டங்களுக்கு! 11 பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் பிறகு வேறு பலரும் செய்து பார்த்ததில் இதே திசையில்தான் முடிவு வந்தது. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். சாதத்தை அளந்து போடுகிற வீடுகளில் தூக்கத்தை யாரும் அளப்பதில்லை.

2015இல் இன்னொரு பரிசோதனை. 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கையில் கட்டிய கருவியால் அளந்தார்கள். பிறகு அவர்கள் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டாக விட்டு, தனியாகத் தங்க வைத்து யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 6 மணிக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் ஒப்பீட்டு வாய்ப்பு 4 மடங்குக்கு மேல் இருந்தது.

இரண்டாவது வகை, லட்சக்கணக்கானவர்களிடம் 'எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?' என்று கேட்டுவிட்டு, பல வருடம் கழித்து யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்ப்பது. 2010இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்து, 13 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் கணக்கைப் போட்டார்கள். குறைவாகத் தூங்கியவர்களுக்கு இறப்பு அபாயம் 12 சதவீதம் அதிகம். ஆச்சரியம் என்னவென்றால், அதிகமாகத் தூங்கியவர்களுக்கு 30 சதவீதம் அதிகம்!

இதைப் படித்துவிட்டு, 9 மணி நேரம் தூங்குகிற அத்தையை அடித்து எழுப்ப வேண்டாம். உடம்புக்குள் ஏற்கெனவே ஒரு நோய் ஆரம்பித்திருந்தால், மனச்சோர்வு இருந்தால், ஆள் அதிகம் படுப்பார். அங்கே நீண்ட தூக்கம் நோயின் அறிகுறி, காரணம் அல்ல. குறைந்த தூக்கத்துக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். வறுமை, இரண்டு ஷிப்ட் வேலை, வலி, கவலை இதெல்லாம் தூக்கத்தையும் குறைக்கும், ஆயுளையும் குறைக்கும். கணக்கை எவ்வளவு கழித்துக் கூட்டினாலும் இதை முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது. அதனால்தான் எனக்கு அந்த 11 இளைஞர்கள் மேல் அதிக மரியாதை. அங்கே எது காரணம், எது விளைவு என்பதில் சந்தேகமில்லை.

சென்னையில் நடந்தது

இதுவரை படித்ததில் என் நினைப்பை அதிகம் புரட்டிப் போட்ட ஆய்வு நம்ம ஊரில் நடந்தது. 2021இல் ஒரு பெரிய பொருளாதார ஆய்விதழில் வெளியானது. பெசோன், ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்ட், டோமா ஆகிய ஐந்து பொருளாதார அறிஞர்கள் செய்தது. சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேருக்கு ஒரு மாதம் டேட்டா என்ட்ரி வேலை கொடுத்தார்கள். கையில் தூக்கம் அளக்கும் கருவி கட்டினார்கள்.

அளந்தபோது தெரிந்தது: இவர்கள் இரவில் சுமார் 8 மணி நேரம் படுக்கையில் இருக்கிறார்கள். தூங்குவது சுமார் ஐந்தரை மணி நேரம்தான். ஒரு இரவில் 30 தடவைக்கு மேல் தூக்கம் கலைகிறது. கேட்டால் '8 மணி நேரம் படுக்கிறேன்' என்றுதான் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். சென்னையில் மே மாதம் ஒற்றை அறையில் நாலு பேர் படுத்தவர்களுக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. புழுக்கம், கொசு, தெருவில் வண்டிச் சத்தம், பக்கத்தில் குழந்தை, கரன்ட் போனால் நின்றுபோகும் ஃபேன்.

அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தூக்கத்தின் அருமையைச் சொல்லி, கண்மூடி, காதடைப்பான், மெத்தை, தலையணை, ஃபேன் மாதிரிப் பொருட்களும் கொடுத்தார்கள். சிலருக்குக் கூடுதலாகத் தூங்கினால் பணமும் உண்டு. தூக்கம் இரவுக்குச் சராசரியாக 27 நிமிடம் கூடியது. நிபுணர்களிடம் முன்கூட்டிக் கேட்டபோது, இவ்வளவு கூடினால் வேலைத் திறன் நன்றாக ஏறும் என்றுதான் கணித்திருந்தார்கள். ஆனால் வேலை வேகத்தில், அறிவுத் திறனில், மனநலத்தில், முடிவெடுப்பதில் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு பகுதி. சிலருக்கு மதியம் வேலையிடத்திலேயே, அமைதியான இடத்தில், அரை மணி நேரம் கண்ணயர அனுமதி. அதில் கிடைத்தது குட்டித் தூக்கம்தான். ஆனால் அவர்களுக்குக் கவனம் கூடியது, வேலை நேரத்தில் செய்த வேலை கூடியது, மனநிலை நன்றாக இருந்தது, பொறுமை வந்தது. இடைவேளை எடுக்காமல் தொடர்ந்து வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டால் மொத்த வருமானம் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அரை மணி நேரம் வேலையிலிருந்துதானே போனது.

இதைப் படித்ததும் முதலில் 'அப்போ தூக்கம் முக்கியமில்லையா?' என்று குழம்பினேன். அப்படி அர்த்தம் இல்லை. கூடியது 27 நிமிடம், ஆனால் அதுவும் அதே கிழிந்த தூக்கத்தில் இன்னொரு துண்டு. முப்பது இடத்தில் கிழிந்த வேட்டியை ஒரு முழம் நீளமாக்கினால் மானம் காக்காது. நல்ல தூக்கம் கொஞ்சமே கிடைத்தாலும் பலன் தெரியலாம் என்பதை அந்த மதியத் தூக்கம் காட்டுகிறது. அந்த ஆய்வாளர்களும் தரம்தான் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். ஒரு மாதத்தில் தெரியாத பலன் வருடக்கணக்கில் தெரியலாம் என்பதும் இருக்கிறது.

எனக்கு உறைத்தது வேறொன்று. 'சீக்கிரம் படுங்க, 8 மணி நேரம் தூங்குங்க' என்று ஏசி அறையில் உட்கார்ந்து எழுதும் அறிவுரை, ஏற்கெனவே 8 மணி நேரம் படுத்துக்கிடக்கும் ஒருவருக்கு என்ன செய்யும்? அவருக்கு வேண்டியது அறிவுரையா, கொசுவலையும் காற்றும் அமைதியுமா? ராத்திரி வாசலில் உட்கார்ந்து காவல் காத்துவிட்டுப் பகலில் தகரக் கூரைக்குக் கீழே தூங்கப் பார்க்கும் வாட்ச்மேன் அண்ணனிடம் போய் 7 மணி நேரம் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. தூக்கமும் வீட்டு வாடகைக்குத் தகுந்தபடிதான் கிடைக்கிறது.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

உணர்வு சொல்லும் சாட்சி செல்லாது, பட்டியல் சொல்வது சராசரி. பிறகு எப்படித்தான் தெரிந்துகொள்வது? நான் செய்தது இது.

முதலில் அறிகுறிகள். அலாரம் இல்லாமல் எழ முடியவில்லை. லீவு நாளில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறீர்கள். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் அடுத்த ஸ்டாப்புக்குள் தூங்கிவிடுகிறீர்கள். 'தலையணையில தலை வச்சா ரெண்டு நிமிஷத்துல தூங்கிடுவேன்' என்று நானும் பெருமை பேசியிருக்கிறேன். பசியோடு இருப்பவன் சோற்றைப் பார்த்ததும் பாய்வது மாதிரிதான் அதுவும். இதில் இரண்டு மூன்று பொருந்தினால், கடன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க.

பிறகு பரிசோதனை. இரண்டு வாரம் லீவு கிடைத்தால் ஒரே நேரத்தில் படுத்து, அலாரம் இல்லாமல் எழுந்து, எழுதி வையுங்க. முதல் சில நாள் அதிகம் தூங்குவீங்க, அது பழைய கடன். பிறகு ஒரு எண்ணில் வந்து நிற்கும். லீவு கிடைக்காதவர்கள், எழும் நேரத்தை மாற்றாமல், படுக்கும் நேரத்தை மட்டும் நாலைந்து நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் தள்ளிப் பார்க்கலாம். அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே முழிப்பு வரத் தொடங்கினால், அங்கே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அது ஏழே கால் மணி நேரத்தில் வந்து நின்றது. பத்து வருடம் தினம் ஒன்றேகால் மணி நேரக் கடனில் ஓடியிருக்கிறேன்.

இரண்டு பேருக்கு இந்த யோசனை பொருந்தாது. ஒருவர், சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறவர், எவ்வளவு தூங்கினாலும் பகலில் சோர்ந்து கிடக்கிறவர். அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். மணிக்கணக்கைக் கூட்டிப் பயனில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும். அவருக்குத் தன் குறட்டை கேட்காது என்பதால், பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். இங்கேயும் அவர் சாட்சி செல்லாது, பாருங்க!

இன்னொருவர், நேரம் இருந்தும் தூக்கம் வராமல் புரள்பவர். இவர் இந்த மாதிரிக் கட்டுரைகளைப் படித்து '7 மணி நேரம் ஆகலையே' என்று கவலைப்பட ஆரம்பித்தால் வருகிற தூக்கமும் போய்விடும். சீக்கிரம் படுத்து முயற்சி செய்வதும் இவருக்கு எதிர்மாறாக வேலை செய்யும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால், படுக்கைப் பழக்கங்களையும் அதைச் சுற்றிய எண்ணங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

போன பொங்கலுக்கும் மதுரை போனோம். முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்கே படுத்தாச்சு. பெட்டி பாதிதான் கட்டியிருந்தது, மீதியைக் காலையில் பார்த்துக்கலாம் என்று விட்டுவிட்டோம். நன்றாக விடிந்த பிறகு கிளம்பினோம். செங்கல்பட்டு வரைக்கும் டிராஃபிக்கில் ஊர்ந்து, மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் சாயந்திரக் காபிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். "ஏன்டா இவ்ளோ லேட்டு?" என்று அம்மா திட்டினாங்க. விழுப்புரத்துக்கு முன்னால் ஒரு இடத்தில் வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்கினேன் என்று சொன்னதும், "கார் ஓட்டுறப்ப யாராவது நடுவழியில தூங்குவாங்களா?" என்று கேட்டாங்க.

முன்னெல்லாம் ஓட்டிக்கிட்டேதான் தூங்கினேன்மா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.